முஷ்டியோடு மல்லுக்கட்டாதீர்கள்

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. விபத்தில் தலையில் பலத்த அடிபட்டு ஐந்து மாதம் ஆகிறது. சொன்னால் புரிந்துகொள்கிறான், பேச்சு வரவில்லை. வலது கை மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கிடக்கிறது. விரல்களைப் பிரிக்க இழுத்தால் இன்னும் இறுகுகிறது. பத்து நாளாகக் கால்களும் விறைக்கின்றன. ‘வேண்டுமென்றே முரண்டு பிடிக்கிறான்’ என்கிறார் அவன் அப்பா. ஒரே இழுப்பாக நீட்டிவிட்டால் சரியாகுமா?

பதில்: முரண்டு பிடிப்பது உங்கள் பையன் இல்லை அம்மா, தசை. தசையை இழுத்தால் முதுகுத் தண்டுவடம் அதைத் திருப்பிச் சுருங்கச் சொல்லும். அளவோடு நிறுத்துவது மூளை. அந்தக் கடிவாளம்தான் இப்போது தளர்ந்திருக்கிறது. இதை ஸ்பாஸ்டிசிட்டி என்போம். எவ்வளவு வேகமாக இழுக்கிறீர்களோ அவ்வளவு முறுக்கிக்கொள்ளும். ஒரே இழுப்பு வேண்டவே வேண்டாம்.

விரலில் ஆரம்பிக்காதீர்கள். மடங்கியிருக்கும் மணிக்கட்டை உள்பக்கமாக இன்னும் கொஞ்சம் மடக்குங்கள். விரல்களின் பிடி தானாக இளகும். கட்டைவிரலை நுனியில் பிடிக்காமல் அடிச்சதையோடு பிடித்து வெளியே கொண்டுவாருங்கள். மற்ற விரல்கள் பின்னாலேயே வரும். விரிந்த கையை விடாமல் மணிக்கட்டை மெல்ல நிமிர்த்துங்கள். நடுவில் இறுகினால் இழுக்காமல் அங்கேயே காத்திருங்கள். திறந்த கையோடு உள்ளங்கையைத் துடைத்து, ஈரம் போகக் காயவைத்து, நகத்தையும் வெட்டிவிடுங்கள். நகம் சதையில் புதைந்து புண்ணாகி, நாற்றம் வந்த பிறகே வீட்டாருக்குத் தெரிந்த கைகளைப் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பத்து நாள் விறைப்புதான் எனக்கு உறுத்துகிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படித்தான் ஒரு நோயாளிக்கு முழங்கால் திடீரென்று இறுகியது. நான் ஒரு வாரம் பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போனேன். கடைசியில் ஒரு நர்ஸம்மா சாக்ஸைக் கழற்றினார்: கால் பெருவிரலில் நகம் உள்ளே வளர்ந்து சீழ் கட்டியிருந்தது. அதைச் சரிசெய்ததும் கால் இளகியது. வாய்விட்டு வலியைச் சொல்ல முடியாதவருக்கு விறைப்புதான் புகார். சிறுநீரில் தொற்று, மலச்சிக்கல், படுக்கைப்புண் எதுவும் இருக்கிறதா என்று இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள்.

தினமும் பத்து நிமிடம் நீட்டிவிட்டால் மூட்டு இறுகாது என்று நாங்களும் நெடுநாள் நம்பினோம். அதற்கு அவ்வளவு பலன் இல்லை என்றுதான் 2017-ல் வந்த பெரிய ஆய்வுத் தொகுப்பும் சொன்னது. மீதி நேரம் அவன் எப்படிப் படுக்கிறான், உட்காருகிறான் என்பதில்தான் நான் அதிகம் கவனம் வைப்பேன். ஒரே பக்கமாகச் சுருண்டு கிடக்க விடாதீர்கள். கையை விரித்தபடி தாங்கிப்பிடிக்கும் ஸ்பிளிண்ட் தேவையா, தசையைத் தளர்த்தும் பொட்டுலினம் ஊசி உதவுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஊசியின் பலன் ஏறக்குறைய மூன்று மாதம்தான். பயிற்சியை அதற்குள் முடுக்கிவிட வேண்டும். விறைப்பைக் குறைக்கும் பாக்லோஃபென் மாத்திரையை அவன் சாப்பிட்டுவந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள், வலிப்பு வரலாம்.

முழங்கையோ இடுப்பு மூட்டோ சூடாக வீங்கி, அசைவு குறைந்தால் நீட்டுவதை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். தசைக்குள் எலும்பு வளர ஆரம்பித்திருக்கலாம்.

அப்பாவுக்கும் ஒரு வேலை கொடுங்கள். குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, முன்கையை உள்ளங்காலோடு ஒட்டவைத்து, பாதத்தை நிதானமாக மேல்நோக்கிச் சாய்க்கட்டும். பாதம் தடதடவென்று உதறினால் பயந்து விட்டுவிட வேண்டாம். அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்தினால் அடங்கிவிடும். அதுவும் முரண்டு இல்லை என்று சொல்லிவையுங்கள்.