வாசகர் கேள்வி: கல்லால் கட்டிய கோயிலுக்குத் தீயென்ன செய்யும்?

கேள்வி: எங்கள் பங்குத் தேவாலயம் 100 ஆண்டுகளைக் கடந்தது. சென்ற பெருநாளுக்குச் சோடனை விளக்குகள் போட்டபோது பழைய வயர் ஒன்று புகைந்ததால் மெயின் சுவிட்சை நிறுத்தினோம். சுவர்கள் கல்லாக இருக்கையில் தீக்கு இவ்வளவு அஞ்ச வேண்டுமா?
– வாசகர் ஒருவர், குருநகர்

பதில்: அஞ்சத்தான் வேண்டும். சுவர் கல்லானாலும் கூரையைத் தாங்குவது பல்லாண்டு வெயிலில் காய்ந்து வற்றிய மரம். சீலிங் பலகைக்கும் ஓட்டுக்கும் இடையில் தடுப்பு எதுவும் இல்லாத கட்டடங்களில், பீடத்துக்கு மேலே பற்றிய தீ முகப்பு வரை ஓடிவிடும். கீழே நிற்பவர்களுக்கோ, ஓட்டிடுக்கில் புகை கசியும் வரை ஒன்றுமே தெரியாது.

பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்தில் 2019 ஏப்ரல் 15ஆம் திகதி நேர்ந்ததும் இதுவே. எச்சரிக்கை மணி ஒலித்தும் முதலில் தவறான இடத்தில் தேடியதால், தீயைக் கண்டுபிடிக்க 20 நிமிடங்களுக்கு மேல் சென்றது. ‘காடு’ என்றே அழைக்கப்பட்ட ஓக் மரக் கூரையை, ஏறத்தாழ 400 தீயணைப்பு வீரர்கள் போராடியும் காப்பாற்ற முடியவில்லை. மணிகள் விழுந்தால் கோபுரங்களும் சரியும் என்பதால், வீரர்கள் உயிரைப் பணயம் வைத்து வடக்குக் கோபுரத்தினுள் ஏறித் தீயைத் தடுத்தார்கள்.

தண்ணீரை அள்ளி ஊற்றினால் போதாதா என்று கேட்கலாம். மழையைத் தடுக்கவென்று வேய்ந்த ஓடு, குழாயிலிருந்து பாயும் நீரையும் வெளியிலேயே வழியவிடும். கடுஞ்சூடேறிய சுண்ணக்கல்லில் குளிர்ந்த நீர் பட்டால் கல் வெடிக்கக்கூடும். 1,000 லீற்றர் நீர் ஒரு தொன் எடையுள்ளது. அது மேலே தேங்கினால் எரிந்து மெலிந்த மரம் தாங்காது. ஆகவே கூரைக்குக் கீழே நின்று அணைப்பதும் ஆபத்தே.

நமது ஊரிலோ ஒழுங்கைகள் ஒடுக்கமானவை; பெருநாட் காலத்தில் அலங்கார வளைவும் பந்தலும் வாசலை மறித்து நிற்கும். தீயணைப்பு வண்டி உள்ளே வரும் அகலத்தை விட்டுத்தான் வளைவு கட்ட வேண்டும். புகைந்த வயரை ஒட்டிச் சமாளிக்காமல், தகுதியுள்ள மின்னிணைப்பாளரைக் கொண்டு முழுவதையும் மாற்றுங்கள். சீலிங்குக்கு மேலே ஏறிப் பார்க்க ஒரு கதவும் நிலையான ஏணியும் அவசியம். வழிபாடு முடிந்து கோயிலைப் பூட்டுமுன் ஒருவர் டோர்ச்சுடன் ஏறிப் பார்க்கட்டும்.

இன்னொன்று: மெயின் சுவிட்சை நிறுத்தியபோது உங்கள் கிணற்று மோட்டாரும் நின்றிருக்குமே, அதைக் கவனித்தீர்களா? அதற்குத் தனி இணைப்போ, எண்ணெயில் இயங்கும் பம்போ இந்தப் பெருநாளுக்கு முன்னரே ஏற்பாடு செய்துவிடுங்கள்.