ஸ்மாக் செக்குக்கு (கார் புகை மாசுச் சோதனைக்கு)ப் போவதற்கு முன் காரின் கம்ப்யூட்டரை நாமே எப்படிச் சோதித்துக்கொள்வது?

கேட்டவர் சொன்னது: கலிஃபோர்னியாவில் இருக்கிறேன். 2013 மாடல் பெட்ரோல் கார். செக் இன்ஜின் லைட் எரிந்ததால் நண்பர் ஸ்கேனரை மாட்டி அணைத்துக் கொடுத்தார். மறுநாளே ஸ்மாக் செக்குக்குப் போனேன். கார் "ரெடி" ஆகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். லைட்தான் எரியவில்லையே, அப்புறம் என்ன?

லைட்டை அணைத்ததுதான் காரணம். கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருந்த கோளாறு எண்ணை (இதைத்தான் 'கோடு', code, என்கிறார்கள்) அழித்தபோது, கார் அதுவரை தன்னைத்தானே சோதித்து வைத்திருந்த முடிவுகளும் சேர்ந்து அழிந்துவிட்டன.

எனக்கும் இது நடந்திருக்கிறது, வேறு வழியில். நான் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறேன். என் 2011 மாடல் காரின் பேட்டரி போய், புதியது போட்டு மூன்றாம் நாள் ஸ்மாக் செக்குக்குப் போனேன். பேட்டரியைக் கழற்றினாலும் பெரும்பாலான கார்களில் இதே கதைதான். ஒரு குறையும் இல்லாத கார், சான்றிதழ் இல்லாமல் திரும்பி வந்தது. அன்றைக்குத்தான் இதை உட்கார்ந்து படித்தேன்.

2000 மாடல் முதலான பெட்ரோல் கார்களுக்கு இங்கே புகைக்குழாயில் குழல் விட்டு அளப்பதில்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களிலும் உண்டு. அதில் கருவியை மாட்டிக் காரின் கம்ப்யூட்டரிடமே கேட்டுவிடுகிறார்கள்: லைட் எரியச் சொல்லியிருக்கிறாயா? கோடு ஏதாவது இருக்கிறதா? உன் சோதனைகளை எல்லாம் முடித்துவிட்டாயா? இந்த மூன்றாவது கேள்விக்குத்தான் உங்கள் கார் "இன்னும் இல்லை" என்று சொல்லியிருக்கிறது.

அந்தச் சோதனைகளை மானிட்டர் என்கிறார்கள். மிஸ்ஃபயர் (இன்ஜினில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது), எரிபொருள் அமைப்பு போன்ற சில எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (புகையைச் சுத்தம் செய்யும் பாகம்), ஆக்ஸிஜன் சென்சார், அதன் ஹீட்டர், ஈவாப் (பெட்ரோல் ஆவி கசியாமல் பிடித்து வைக்கும் அமைப்பு) ஆகியவை குறிப்பிட்ட சூழ்நிலை அமைந்தால்தான் ஓடும். 2000 மாடல் முதலான பெட்ரோல் கார்களுக்கு ஈவாப் ஒன்று மட்டும் முடியாமல் இருக்கலாம். மற்ற எல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

இதை நீங்களே வீட்டு வாசலில் பார்த்துவிடலாம். சாதாரண ப்ளூடூத் ஸ்கேனரும் ஃபோனில் ஒரு ஆப்பும் போதும். சாவியை ஆன் செய்து, ஆப்பில் "ரெடினஸ்" என்ற பக்கத்தைத் திறங்கள். எது முடிந்தது, எது முடியவில்லை என்று வரிசையாகக் காட்டும். கோடு அழித்த பிறகு எத்தனை மைல் ஓடியிருக்கிறது, எத்தனை முறை சூடேறியிருக்கிறது என்பதும் பல ஆப்களில் தெரியும். அந்த இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால் செக் இன்ஜின் லைட் எரிய வேண்டும். எரியவில்லை என்றால் அதற்கே ஃபெயில்.

உங்கள் கார் 2013 என்பதால் ஒரு கூடுதல் விஷயம். 2019 ஜூலை 1 முதல், 2010 மாடல் முதலான கார்களில் நிரந்தரக் கோடு என்பதையும் பார்க்கிறார்கள். ஸ்கேனரால் அதை அழிக்க முடியாது. கோளாறு போய்விட்டது என்று கார் தானே உறுதி செய்துகொண்டு அழித்தால்தான் உண்டு. கோடு அழித்த பிறகு 200 மைல் ஓட்டி, இன்ஜின் 15 முறை குளிர்ந்து சூடேறியிருந்தால், நிரந்தரக் கோடு மிச்சம் இருந்தாலும் அதற்காக ஃபெயில் ஆக்குவதில்லை. ஒரே நாளில் நெடுந்தூரம் ஓட்டி இதை முடிக்க முடியாது. தினமும் ஆபீஸுக்குப் போய் வருவதுபோல் சில நாட்கள் ஓட்ட வேண்டும்.

நான் ஓட்டிய விதத்தைச் சொல்கிறேன். தயாரிப்பாளரைப் பொறுத்து இது மாறும். உங்கள் மாடலுக்கான டிரைவ் சைக்கிள் (சோதனைகள் ஓடுவதற்கு எப்படி ஓட்ட வேண்டும் என்ற குறிப்பு) கிடைத்தால் அதையே பின்பற்றுங்கள். டேங்கில் பெட்ரோல் கால் பங்குக்கும் முக்கால் பங்குக்கும் நடுவில் வைத்துக்கொண்டேன். முழுதாக நிரம்பியிருந்தாலும், வற்றியிருந்தாலும் ஈவாப் சோதனை ஓடாது. இரவு முழுக்க வண்டியைத் தொடவில்லை. ஞாயிறு விடியற்காலை ஸ்டார்ட் செய்து இரண்டு மூன்று நிமிடம் அப்படியே ஓடவிட்டேன். பிறகு 880 நெடுஞ்சாலையில் ஏறி, 55 மைல் வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை அசைக்காமல் பத்து நிமிடம். முதல் நாள் 680 நெடுஞ்சாலையில் சுனோல் மேட்டுப் பக்கம் போய் வீணானது. ஏற்றத்திலும் இறக்கத்திலும் இன்ஜின் சுமை மாறிக்கொண்டே இருப்பதால் கன்வெர்ட்டர் சோதனை முடியவே இல்லை. 880 சமதளம், அந்த நேரத்தில் நெரிசலும் இல்லை. வெளியே வரும் ரேம்ப்பில் பின்னால் யாரும் இல்லாதபோது பிரேக் தொடாமல் காலை எடுத்துத் தானாக வேகம் குறையவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஆப்பைத் திறந்தபோது கன்வெர்ட்டர் எதிரே பச்சை டிக் விழுந்திருந்தது. அப்படி ஒரு நிம்மதி! கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சாரின் வோல்டேஜ் வரைபடத்தையும் ஆப்பில் பார்த்தேன். 0.7 வோல்ட் அருகே ஏறக்குறைய நேர்கோடாக நின்றது. கன்வெர்ட்டர் தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். அந்த வரைபடம் விடாமல் மேலும் கீழும் துள்ளினால்தான் பி0420 (கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்ற கோடு) வரும் என்று பயப்பட வேண்டும்.

ஈவாப் மட்டும் ஐந்து நாள் இழுத்தது. பெட்ரோல் ஆவி வெளியேறாமல் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது; அரை மில்லிமீட்டர் ஓட்டையைக்கூடக் கண்டுபிடித்துவிடும். உங்களுக்கு வந்தது பி0455 அல்லது பி0442 (ஈவாப் கசிவைச் சொல்லும் கோடுகள்) என்றால் முதலில் பெட்ரோல் மூடியைக் கழற்றி அதன் ரப்பர் வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் மூடியை மாற்றுங்கள், சில டாலர்தான்.

ஓட்டும்போது லைட் திரும்ப எரிந்தால் மறுபடி அழிக்காதீர்கள். கோளாறு நிஜமாகவே இருக்கிறது, அதைச் சரிசெய்யத்தான் வேண்டும். பின் சென்சாருக்கு ஸ்பேஸர் (சென்சாரைப் புகையிலிருந்து தள்ளி நிறுத்தும் துண்டு) போட்டு ஏமாற்றலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். கார் புகையும் வெயிலும் சேர்ந்துதான் லாஸ் ஏஞ்சலஸின் கண் எரியும் புகைமூட்டம் உண்டாகிறது என்று 1950 வாக்கில் ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர் காட்டினார். இந்த ஸ்மாக் செக்குக்கே அதுதான் வேர். என் மகளுக்கு வீசிங் இருக்கிறது. கோடைக்காலத்தில் காற்று கெட்ட நாட்களில் அவள் இன்ஹேலரைத் தேடுவதைப் பார்த்தவன் நான். வருமானம் குறைவாக இருந்தால் ரிப்பேர் செலவுக்கு மாநிலமே உதவும் திட்டம் உண்டு, விண்ணப்பித்துப் பாருங்கள்.

ஸ்மாக் செக் முடியவில்லை என்றாலும் ரெஜிஸ்ட்ரேஷன் கட்டணத்தைக் கெடுவுக்குள் டிஎம்வியில் (மாநில வாகனப் பதிவுத் துறையில்) கட்டிவிடுங்கள், தாமத அபராதம் வராது. எல்லா டிக்கும் விழுந்த பிறகும் சந்தேகமாக இருந்தால், கடையில் முன்சோதனை என்று கேளுங்கள். அதன் முடிவு டிஎம்விக்குப் போகாது.

நண்பர் அழித்த கோடு என்ன எண் என்று அவரிடம் கேட்டுக் கீழே எழுதுங்கள். அது தெரிந்தால் எங்கிருந்து பார்க்க ஆரம்பிக்க வேண்டும் என்று சொல்கிறேன்.