ஒரே பதிவை நாலு இடத்தில் போடலாமா?

வணக்கம் சார்,

நான் ஈரோட்டில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். அப்பா சென்னிமலையில் குழித்தறியில் (குழிக்குள் கால் வைத்து நெய்யும் தறி) பெட்ஷீட் நெய்தவர். மூன்று வருஷமாகத் தறியைப் பற்றியும் நெசவாளர்களைப் பற்றியும் ஃபேஸ்புக்கில் எழுதி, அதையே எக்ஸ், இன்ஸ்டாகிராம், வாட்ஸப் ஸ்டேட்டஸ் என்று எல்லாவற்றிலும் அப்படியே போட்டுவிடுகிறேன். போன வாரம் ஒரு தோழி, "எங்க போனாலும் உன் பதிவுதான் வந்து நிக்குது, ஒரு இடத்துல போட்டா போதாதா?" என்று கேட்டுவிட்டாள். ஆனால் என் சித்திக்கு ஃபேஸ்புக் கிடையாது, ஸ்டேட்டஸில்தான் படிக்கிறார்.

இன்னொன்று. அப்பா பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள்) பிணைப்பதைப் பற்றி நான் எழுதியது, என் பெயர் இல்லாமல் 'படித்ததில் பிடித்தது' என்று எங்கள் சொந்தக்காரர்கள் குரூப்புக்கே வந்தது. அனுப்பியவர் பெரியப்பா மகன். என்ன சொல்வதென்று தெரியாமல் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஒரே பதிவைப் பல இடத்தில் போடுவது தப்பா? ஒவ்வொன்றுக்கும் தனியாக எழுத எனக்கு நேரம் இல்லை. தானாகப் போட்டுவிடும் செயலிகளைப் பயன்படுத்தலாமா?

ம., ஈரோடு

அன்புள்ள ம.,

தப்பே இல்லை. உங்கள் தோழி நாலு இடத்திலும் இருக்கிறார், அதனால் நாலு தடவை பார்க்கிறார். உங்கள் சித்தி ஒரே இடத்தில் இருக்கிறார். பெரும்பாலானவர்கள் சித்தி மாதிரிதான். ஒருவருக்குச் சலிப்பாக இருக்கிறது என்பதற்காக மற்ற எல்லோருக்கும் கதவைச் சாத்த வேண்டியதில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது வேறு. மூன்று வருஷமாக எழுதியிருக்கிறீர்கள், அதற்கென்று உங்களுடைய இடம் ஒன்றுகூட இல்லை. ஃபேஸ்புக்கில் இருப்பதுதான் மூலம், மற்றதெல்லாம் நகல். முதலில் மாற்ற வேண்டியது இதைத்தான்.

ஆர்குட் என்ற சமூக வலைத்தளத்தை 2014 செப்டம்பரில் மூடினார்கள். கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் போனது. டிக்டாக்கை 2020 ஜூனில் இந்தியாவில் தடை செய்தார்கள், அதில் மட்டுமே வீடியோ போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரே ராத்திரியில் பார்வையாளர்கள் எல்லோரும் இல்லாமல் போனார்கள். நானும் ஒரு சேவையில் இரண்டு வருஷம் எழுதியவற்றை, அது மூடப்படும் என்ற அறிவிப்பைச் சரியாகக் கவனிக்காததால் இழந்திருக்கிறேன். அதில் என் ஆசிரியர் ஒருவரைப் பற்றி அவர் இறந்த அன்று எழுதிய குறிப்பும் இருந்தது. அதைத் திரும்ப எழுத முடியாது, அந்த நாள் போய்விட்டது. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்: இலவச வலைப்பூவாக இருந்தாலும் சரி, ஒன்றைத் தொடங்குங்கள். பதிவு முதலில் அங்கே தேதியோடு வரட்டும். ஒரு நகல் உங்கள் கணினியிலும் இருக்கட்டும். அப்புறம் எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோங்கள். இண்டிவெப் என்ற இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் பல வருஷமாகச் சொல்லிவருவதும் இதுதான், சொந்த இடத்தில் வெளியிட்டுவிட்டு மற்ற இடங்களுக்கு அனுப்பு என்று.

செயலிகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அவற்றை நம்பி இருக்காதீர்கள். இன்ஸ்டாகிராம் 2012 டிசம்பரில் ட்விட்டரில் (இப்போதைய எக்ஸ்) தன் படம் நேராகத் தெரிவதை நிறுத்தியது, வெறும் சுட்டிதான் போகும். அது திரும்ப வர 2021 ஆனது. ஃபேஸ்புக் 2018 ஆகஸ்டிலிருந்து தனிநபர் பக்கங்களில் வெளிச் செயலிகள் தானாகப் பதிவிட முடியாது என்று சொல்லிவிட்டது. 2023-ல் ட்விட்டர் வெளிச் செயலிகளுக்கு அதுவரை இலவசமாக இருந்த இணைப்புக்குக் காசு கேட்க ஆரம்பித்தது, வேர்ட்பிரஸ் வலைப்பூக்களிலிருந்து தானாகப் போய்க்கொண்டிருந்ததும் அந்த வருஷமே நின்றது. ஒவ்வொரு நிறுவனமும் ஆட்களைத் தன் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளப் பார்க்கிறது, பக்கத்து வீட்டுக்கு வழி போட்டுக் கொடுக்க அதற்கு என்ன அவசியம்?

தானாகப் போவதில் இன்னொரு சிக்கல், தமிழுக்கே உரியது. எக்ஸில் 280 எழுத்து என்கிறார்கள் இல்லையா, அது நம் எழுத்துக் கணக்கு இல்லை. 'குழித்தறி' என்பது நமக்கு 5 எழுத்து: கு, ழி, த், த, றி. எக்ஸ் அதை 9 என்று எண்ணும், ஏனென்றால் உகரக் குறி, இகரக் குறி, புள்ளி ஒவ்வொன்றும் அதற்குத் தனி எழுத்து. ஆக நமக்குக் கிடைப்பது 280-ல் பாதிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். அதிலும் ஒரு சுட்டி கொடுத்தால் 23 போய்விடும். (எக்ஸ் மாதிரியே இருக்கும் ப்ளூஸ்கையில் 300 எழுத்து, அங்கே 'குழித்தறி' 5 என்றே கணக்காகிறது. முதலில் பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.) இன்ஸ்டாகிராமில் படத்துக்குக் கீழே 2200 எழுத்து வரை எழுதலாம், ஆனால் அங்கே கொடுக்கும் சுட்டியை யாராலும் தட்ட முடியாது. செயலி இதையெல்லாம் பார்க்காது. நடுவாக்கியத்தில் வெட்டி, மூன்று புள்ளி வைத்து அனுப்பிவிடும். உங்கள் தோழிக்கு எரிச்சல் வந்தது ஒரே விஷயத்தை நாலு தடவை பார்த்ததால் மட்டும் இருக்காது. உங்கள் கை படாமல் வந்து விழுந்த மாதிரி இருந்ததால்கூட இருக்கலாம்.

நேரம் இல்லை என்கிறீர்கள், புரிகிறது. புதிதாக எதுவும் எழுத வேண்டாம். இருப்பதில் எந்தத் துண்டை எங்கே முன்னால் வைப்பது என்று மட்டும் பாருங்கள். அந்தப் பாவு பதிவையே எடுத்துக்கொள்வோம். அதைத் தேடிப் படித்தேன். உங்கள் அப்பா சாயங்காலம் தறிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, விரல் நுனியில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, தீர்ந்துபோன பாவின் நுனியோடு புதுப் பாவின் இழையை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்கிறார். பேசிக்கொண்டே செய்கிறார், கண் இழையில் இல்லை, விரலே தேடி எடுத்துக்கொள்கிறது. பத்து நிமிஷம் எழுதி எழுதி அழித்தாலும் எனக்கு இப்படி ஒரு வரி வந்திருக்காது. இது ஃபேஸ்புக்கில் ஐந்தாவது பத்தியில் கிடக்கிறது. அதற்கு மேலே நாலு பத்திகள் சென்னிமலையின் வரலாறு. வலைப்பூவில் அது அப்படியே இருக்கலாம், அங்கே வருகிறவர் படிக்கவென்றே வருகிறார். எக்ஸில் அந்த விரல் வாக்கியம் மட்டும் போதும், மீதிக்குச் சுட்டி. இன்ஸ்டாவுக்கு அப்பா கையின் படம் ஒன்று, முடிந்தால் அரை நிமிஷ வீடியோ. கீழே மூன்று வரி எழுதினால் போதும். சித்திக்கு? சித்தி தறிச் சத்தத்தில் வளர்ந்தவர், அவருக்குப் பாவு என்றால் என்ன என்று விளக்க வேண்டாம். "அப்பா சாம்பல் கிண்ணம் வெச்சிருப்பாரே, ஞாபகம் இருக்கா சித்தி?" என்று ஆரம்பியுங்கள். மொத்தம் கால்மணி நேர வேலை. எல்லா இடத்திலும் ஒரே நாளில் போடவும் வேண்டாம், இரண்டு நாள் விட்டு இரண்டு நாள் போடுங்கள்.

அப்புறம், போட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். பதில் சொல்ல உங்களால் முடியாத இடத்தில் பதிவு போடாமல் இருப்பதே நல்லது. யாரோ ஒருவர் இன்ஸ்டாவில் "எங்க ஊர்ல சாம்பல் இல்ல, வேற பொடி தொடுவாங்க" என்று எழுதினால், அது உங்கள் பதிவைவிடப் பெரிய தகவல். ஃபேஸ்புக்கில் படித்தவருக்கு அது தெரியவே தெரியாது. அதை எடுத்து, அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, வலைப்பூவில் கீழே சேர்த்துவிடுங்கள். திருத்தமும் இப்படித்தான். நான் ஒரு கட்டுரையில் ஒரு வருஷத்தைத் தப்பாக எழுதி, இரண்டு நாளில் தளத்தில் திருத்திவிட்டேன். மற்ற மூன்று இடங்களில் திருத்த மறந்துவிட்டேன். அந்தத் தப்பான வருஷம் இன்றைக்கும் என் பெயரோடு சுற்றிக்கொண்டிருக்கிறது, ஒரு மாணவர் தன் ஆய்வேட்டில்கூட அதைப் போட்டிருந்தார். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். எங்கெங்கே போட்டீர்கள் என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள், திருத்தும்போது உதவும்.

வாட்ஸப்பில் பெயர் இல்லாமல் சுற்றுவதை உங்களால் நிறுத்த முடியாது. வாட்ஸப் நிறுவனமும் என்னென்னவோ செய்து பார்த்தது. 2018-ல் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரு நேரத்தில் 5 உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப (ஃபார்வர்டு செய்ய) முடியாது என்றார்கள், 2020-ல் அதிகம் சுற்றிய செய்தியை ஒரு நேரத்தில் ஒரு உரையாடலுக்குத்தான் அனுப்பலாம் என்றார்கள். ஆனால் நகலெடுத்து ஒட்டினால் இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை, பல தடவை முன்னனுப்பியது என்று காட்டும் இரட்டை அம்புக்குறிகூட வராது. பெயரைக் கடைசி வரியில் போட்டால் முதலில் வெட்டப்படுவது அதுதான். அதனால் பதிவுக்குள்ளேயே நீங்கள் இருங்கள். "அப்பா" என்று எழுதிய இடத்தில் ஒரு தடவையாவது அவர் பெயரை, நீங்கள் அவர் மகள் என்பதை, தெருவை எழுதுங்கள். அதை வெட்டினால் வாக்கியம் நிற்காது.

உங்கள் பெரியப்பா மகன் மேல் கோபப்பட வேண்டாம். அவருக்கு அது யார் எழுதியது என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை, பிடித்துப்போய்த்தான் அனுப்பியிருக்கிறார், அதுவும் தன் சித்தப்பாவைப் பற்றியது என்றே தெரியாமல். குரூப்பில் கும்பிடு போட்டதற்குக் கீழே இன்றைக்கே எழுதுங்கள்: "அண்ணா, இது நான் எழுதினது. இதுல வர்றது எங்க அப்பாதான்." கூடவே அந்தக் கையின் படத்தையும் போடுங்கள். சித்தியும் அந்தக் குரூப்பில் இருப்பார் இல்லையா, மீதியை அவர் சொல்லிவிடுவார்.

வலைப்பூ தொடங்கியதும் சுட்டியை எனக்கு அனுப்புங்கள், இந்தப் பதிலுக்குக் கீழே சேர்க்கிறேன்.

அன்புடன்