‘48 வோல்ட்’ பேட்டரிக்குள் எத்தனை செல்?

கேள்வி: திருப்பூரில் மாடுலர் கிச்சன், வார்ட்ரோப் பொருத்தும் வேலை செய்கிறேன். கூட ஒரு உதவியாள். போன வருஷம் ஆன்லைனில் ‘48 விஎஃப்’ என்று போட்ட கார்ட்லெஸ் ட்ரில் ஒன்றை 2 பேட்டரியோடு 2,900 ரூபாய்க்கு வாங்கினேன். 8 மாதத்தில் ஒரு பேட்டரி சார்ஜே ஏறவில்லை. இன்னொன்று 20 ஸ்க்ரூ போடுவதற்குள் படுத்துவிடுகிறது. ரீபேக் செய்ய, அதாவது உள்ளே புது செல் போட்டுத் தர, ஒன்றுக்கு 1,200 கேட்கிறார்கள். செய்யலாமா, இல்லை பெரிய கம்பெனி மெஷினே வாங்கிவிடலாமா? வாங்கினால் எத்தனை வோல்ட், எத்தனை ஏஹெச்? பேட்டரி நாள்பட உழைக்க என்ன செய்ய வேண்டும்?

பதில்: ஒரு பேட்டரியை மட்டும் ரீபேக் செய்யுங்கள், அதுவும் உள்ளே எந்த செல் போடுகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு. அந்த மெஷின் உதவியாளிடம் இருக்கட்டும். உங்கள் கைக்கு 18 வோல்ட், பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார்), 4 ஏஹெச் (ஆம்பியர் அவர், பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரியோடு ஒன்று வாங்குங்கள். ஏன் என்பதைத் தெரிந்துகொண்டால் அடுத்த தடவை லேபிளைப் பார்த்து ஏமாற மாட்டீர்கள்.

விஎஃப் என்று மின்சாரத்தில் ஓர் அளவே கிடையாது. ஒரு லித்தியம் அயான் செல்லின் சராசரி வோல்டேஜ் 3.6, முழுச் சார்ஜில் 4.2. ஐந்து செல்லை வரிசையாக இணைத்தால் 18 வோல்ட், முழுச் சார்ஜில் 21. கம்பெனிக்காரர்கள் ‘18’ என்று எழுதுவதும் ‘20 மேக்ஸ்’ என்று எழுதுவதும் இதே ஐந்து செல்லைத்தான். டிவால்ட்டின் 20 வோல்ட் மேக்ஸும் மகிட்டாவின் 18 வோல்ட்டும் ஒரே வோல்டேஜ்தான். உண்மையிலேயே 48 வோல்ட் வேண்டுமென்றால் 13 செல் வரிசையில் இருக்க வேண்டும். அது உங்கள் உள்ளங்கையில் அடங்காது. சந்தேகமிருந்தால் முழுச் சார்ஜ் செய்து, மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து டெர்மினலில் பாருங்கள். 21க்குக் கிட்டத்தில்தான் காட்டும்.

ஏஹெச் பொய்யைக் கண்டுபிடிக்க மீட்டர் வேண்டாம், சமையலறைத் தராசு போதும். இந்த பேட்டரிகளில் பெரும்பாலும் இருப்பது 18650 என்ற செல், அதாவது 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். ஒன்றின் எடை 45 முதல் 48 கிராம். ஐந்து செல் என்றால் கூடோடு சேர்த்து 350 கிராம் அளவில் நிற்கும், பத்து செல் என்றால் 600ஐத் தாண்டும். 4 ஏஹெச் என்று எழுதியிருக்கிறது, எடை 350 கிராம், சாதாரண 18650 செல் என்றால் ஒன்று எழுத்து பொய் அல்லது செல் பொய். 18650 செல் ஒன்றில் நிஜமாகக் கிடைப்பது அதிகபட்சம் 3.5 ஏஹெச் சுற்றுவட்டாரம்தான். ‘9900 எம்ஏஹெச்’ (1000 எம்ஏஹெச் என்றால் 1 ஏஹெச்) என்று அச்சடித்த செல்லைக் கடையில் காட்டினால் தொடாமல் வந்துவிடுங்கள். இப்போது 21 மில்லிமீட்டர் விட்டம், 70 நீளத்தில் 21700 செல்லும் வருகிறது. அது ஒன்று 70 கிராம் இருக்கும், 4, 5 ஏஹெச் வரை தாங்கும்.

சரி, 8 மாதத்தில் ஏன் போயிற்று? ஸ்க்ரூ கடைசிச் சுற்றில் இறுகும்போதும் பிட் மரத்தில் சிக்கி நிற்கும்போதும் ட்ரில் 30 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதைக் கொடுக்கவென்றே ஹை டிஸ்சார்ஜ் செல்கள் தனியாக இருக்கின்றன. மலிவு பேட்டரியில் லேப்டாப், பவர் பேங்க் ரகச் செல்லைப் போட்டுவிடுகிறார்கள். அது சூடாகும், சூட்டில் உள்தடை ஏறும், ஏறினால் இன்னும் சூடாகும். அடுத்தது சார்ஜர். உருண்டைப் பின் வைத்த அந்த அடாப்டர் 21 வோல்ட்டைத் தள்ளுவதோடு சரி. பேட்டரி எவ்வளவு சூடாக இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. நல்ல சார்ஜரில் இரண்டு பவர் முனை போக மூன்றாவது, நான்காவது முனை இருக்கும். அதன் வழியாக வெப்பநிலையைப் படித்து, ஆறும்வரை சார்ஜைத் தொடங்காமல் நிறுத்தி வைக்கும். ‘விளக்கு மினுக்குகிறது, சார்ஜர் ரிப்பேர்’ என்று திருப்பிக் கொண்டுபோகிறார்களே, பல நேரம் அது ரிப்பேர் இல்லை, காத்திருப்பு.

சார்ஜ் ஏறாத பேட்டரியைத் திறந்து ஐந்து செல்லையும் தனித்தனியாக அளக்கச் சொல்லுங்கள். நான்கு 3.5ல் இருந்து ஒன்று மட்டும் 1 வோல்ட்டில் கிடந்தால், அந்த ஒன்றுதான் மற்றவற்றைக் கெடுத்தது. ஐந்துமே 2.8, 3.0 என்று ஒன்றாக இறங்கியிருந்தால் செல் கெடவில்லை, வெறுமனே காலியாகிக் கிடந்திருக்கிறது. மெதுவான கரண்ட்டில் ஏற்றிப் பார்க்கலாம். 2 வோல்ட்டுக்குக் கீழே வாரக்கணக்கில் கிடந்த செல்லை மட்டும் எழுப்ப முயல வேண்டாம். அந்த நிலையில் உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரைய ஆரம்பிக்கும். மறுபடி சார்ஜ் ஏற்றினால் கரைந்த செம்பு வேண்டாத இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகும். வீடியோ பார்த்து நல்ல பேட்டரியிலிருந்து ஒயர் போட்டு ‘ஜம்ப்’ கொடுப்பவர்கள் விளையாடுவது இதோடுதான்.

ரீபேக் கடையில் கேட்க வேண்டியது: செல்லின் மாடல் என்ன, தொடர்ந்து எத்தனை ஆம்பியர் கொடுக்கும்? சாம்சங் 25ஆர் என்றால் 2500 எம்ஏஹெச், 20 ஆம்பியர். எல்ஜி ஹெச்ஜி2 என்றால் 3000 எம்ஏஹெச், 20 ஆம்பியர். இரண்டும் ட்ரில்லுக்கு ஏற்றவை. சாம்சங் 35இ 3500 எம்ஏஹெச், கேட்க நன்றாக இருக்கும், ஆனால் 8 ஆம்பியர்தான். டார்ச்சுக்கு ஓகே, ட்ரில்லுக்கு ஆகாது. ஐந்தும் ஒரே மாடலாக, புதிதாக, ஒன்றுக்கொன்று 0.05 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசமில்லாமல் இருக்க வேண்டும். கெட்ட செல்லை மட்டும் மாற்றித் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பழைய நான்கும் புதிய ஒன்றும் ஒரே வேகத்தில் காலியாகாது, சில மாதத்தில் திரும்பவும் இதே கதை. இணைப்பு ஸ்பாட் வெல்டிங்கில் இருக்க வேண்டும். செல்லின் மேல் சால்டரிங் இரும்பை வைத்து நேராகப் பற்றவைத்தால் அந்தச் சூடே செல்லைக் கெடுக்கும். பட்டை சுத்த நிக்கலா, நிக்கல் பூசிய இரும்பா என்று காந்தத்தால் தெரியாது, இரண்டும் ஒட்டும். ஒரு துண்டு வாங்கி அரத்தால் உரசி ஓரிரவு உப்புத்தண்ணீரில் போடுங்கள். துருப்பிடித்தால் இரும்பு.

1,200 நியாயமா என்றால், அவர் சொல்லும் செல்லின் ஒற்றை விலையை 5ஆல் பெருக்கி, கூலியைச் சேர்த்துப் பாருங்கள். கணக்கைவிட மிகக் குறைவாக இருந்தாலும் சந்தோஷப்பட வேண்டாம், அப்படியானால் செல் பழைய லேப்டாப்பிலிருந்து வருகிறது.

இனி புதியது. வாங்கப்போவது மெஷினை அல்ல, பேட்டரிக் குடும்பத்தை. முதல் கிட்டோடு எந்தப் பேட்டரி வீட்டுக்குள் வருகிறதோ, அடுத்த ஐந்தாறு வருஷம் ஜிக்சாவும் கிரைண்டரும் புளோயரும் ‘பாடி மட்டும்’ என்று அதே குடும்பத்தில்தான் வாங்குவீர்கள். அதனால் ட்ரில் விலையைக் கேட்பதற்கு முன் அந்த வரிசையில் தனி பேட்டரியின் விலையையும், உங்கள் வேலைக்கு வேண்டிய மற்ற பாடிகள் இருக்கின்றனவா என்பதையும் கேளுங்கள். ஒரே கம்பெனிக்குள்ளும் குடும்பம் வேறாக இருக்கும். பாஷ் நீல நிற 18 வோல்ட் பேட்டரி பச்சை நிற மெஷினில் ஏறாது. மகிட்டாவின் 18 வோல்ட் எல்எக்ஸ்டி வரிசையும் 40 வோல்ட் வரிசையும் வேறுவேறு. சர்வீஸ் சென்டர் கோவையில் இருந்தால் உங்களுக்குப் பரவாயில்லை. சென்னைக்கு பார்சல் அனுப்ப வேண்டிய பிராண்டு என்றால் ஒருமுறை யோசியுங்கள்.

12 வோல்ட் மெஷின், அதாவது மூன்று செல், ஹிஞ்ச் மாட்டவும் டிராயர் சானல் பொருத்தவும் கைக்கு அடக்கமாக இருக்கும். உங்களுக்கு 35 மில்லிமீட்டர் ஹிஞ்ச் கப் துளையும் சுவரில் பிளக் துளையும் சேர்ந்தே வருவதால் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 18 வோல்ட்தான்.

இம்பாக்ட் டிரைவரா, ட்ரில் டிரைவரா என்ற குழப்பம் வரும். இம்பாக்ட் 150 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்கும், ட்ரில் டிரைவர் 50, 60தான். ஆனால் இம்பாக்ட்டில் கிளட்ச் (வைத்த இறுக்கம் வந்ததும் முறுக்குவதை நிறுத்தும் அமைப்பு) இல்லை. பார்ட்டிகிள் போர்டில் ஹிஞ்ச் ஸ்க்ரூவை அதனால் இறுக்கினால் ஒரு தட்டில் துளையைத் தின்றுவிடும். கிச்சன் வேலைக்கு முதலில் கிளட்ச் உள்ள ட்ரில் டிரைவர், ஹாமர் மோடோடு. கிளட்ச்சை 5ல் தொடங்கி, ஸ்க்ரூ தலை பலகையோடு சமமாகும் எண்ணில் நிறுத்துங்கள். அந்த ஹாமர் மோடு செங்கல் சுவரில் 6, 8 மில்லிமீட்டருக்குப் போதும். கான்கிரீட் பீமில், தூணில் அது வெறும் சத்தம். கான்கிரீட்டுக்குப் பிஸ்டன் வைத்த எஸ்டிஎஸ் ஹாமர் மெஷின்தான். அதை ஒயர் போட்டதாகவே வைத்துக்கொள்ளலாம், பிளக் துளை அரை மணி நேர வேலை. அதேபோல மார்பிள் கட்டர், பிளேனர், டேபிள் சா எல்லாம் கார்ட்லெஸ்ஸில் வாங்கிப் பணத்தைக் கரைக்க வேண்டாம்.

ஏஹெச் கணக்கில் ஒரு சூட்சுமம் உண்டு. 2 ஏஹெச் பேட்டரி இரண்டும் 4 ஏஹெச் ஒன்றும் மொத்தச் சக்தியில் சமம், 72 வாட் அவர். ஆனால் 2 ஏஹெச்சில் ஐந்து செல் 30 ஆம்பியரைத் தனியாகச் சுமக்கிறது. 10 செல் வைத்த 4 ஏஹெச்சில் இரண்டிரண்டாகப் பிரித்து ஆளுக்கு 15. சூடு குறையும், ஆயுள் நீளும், கடைசிவரை முறுக்கு இறங்காது. தலைக்கு மேல் லாஃப்டில் வேலை செய்ய 2 ஏஹெச் கைக்கு இதம். ஆகவே ஒரு 4, ஒரு 2. பிறகு கிரைண்டர் வாங்கினால் அதில் 4க்குக் குறைந்ததைப் போடவே வேண்டாம்.

கடையில் பெட்டியை மூடுமுன் பேட்டரி லேபிளைத் திருப்பிப் பாருங்கள். ஐஎஸ் 16046 என்ற பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் ‘ஆர்’ எழுத்தோடு 8 இலக்கப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். தயாரிப்பு மாதத்தையும் பாருங்கள், ஒரு வருஷம் அலமாரியில் கிடந்த சரக்கு வேண்டாம். பேட்டரிக்கு வாரண்டி காலம் பெரும்பாலும் மெஷினைவிடக் குறைவு. அதன் சீரியல் எண்ணைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

பராமரிப்பில் முக்கால் பங்கு சூடு. சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டிப் பெட்டியில் பேட்டரியை விடாதீர்கள். 50 டிகிரியை எட்டும் இடத்தில் வைக்க வேண்டாம், 10 முதல் 40 டிகிரிக்குள் சார்ஜ் செய்யுங்கள் என்று மகிட்டா கையேட்டிலேயே இருக்கிறது. வேலை முடிந்து கொதிக்கும் பேட்டரியை அரை மணி நிழலில் ஆறவிட்டு மாட்டுங்கள். ‘முழுசாகக் காலியாக்கி ஏற்றினால்தான் நல்லது’ என்பது பழைய நிக்கல் காட்மியம் காலத்துப் பழக்கம். லித்தியத்துக்கு அது விஷம். முறுக்கு குறைகிறது என்று கை உணர்ந்ததும் கழற்றுங்கள். ஆடி, மார்கழி என்று வேலை மந்தமான மாதங்களில் இரண்டு விளக்கு எரியும் அளவு, பாதிச் சார்ஜில், மெஷினிலிருந்து கழற்றி வையுங்கள். முழுச் சார்ஜில் சும்மா கிடப்பதும் அதற்கு முதுமைதான்.

பேட்டரியைச் சூடாக்குவது பாதி நேரம் நம் கைதான். 35 மில்லிமீட்டர் கப் துளையையும் நீள ஸ்க்ரூவையும் 2ஆம் கியரில் தள்ளுபவர்கள் அதிகம். 1க்கு மாற்றினால் நேரம் கொஞ்சம் கூடும், கரண்ட் நன்றாகக் குறையும். பிட் விஷயத்திலும் கவனம். நாம் எல்லாவற்றையும் ‘ஸ்டார்’ என்று சொல்லிவிடுகிறோம், ஆனால் ஹிஞ்ச், மினிஃபிக்ஸ் ஸ்க்ரூக்களில் பெரும்பாலும் இருப்பது போசி 2. நான்கு கைகளுக்கு நடுவே மெல்லிய கீறல் தெரியும். அதில் பிலிப்ஸ் பிட்டைப் போட்டால் வழுக்கி வழுக்கித் தலையையும் தின்னும், சார்ஜையும் தின்னும்.

டெர்மினலில் ஏறும் பிளைவுட் தூளை உலர்ந்த பிரஷால் தட்டுங்கள். கறுத்திருந்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணி. பேட்டரியையும் ஸ்க்ரூவையும் ஒரே பையில் போடாதீர்கள், மூடி இருந்தால் மாட்டியே வையுங்கள். சக் (பிட்டைப் பிடிக்கும் வாய்) ஆடினால் தாடைகளை முழுக்கத் திறந்து உள்ளே பாருங்கள், ஒரு ஸ்க்ரூ இருக்கும். அது இடது மரை. இறுக்க இடப்பக்கமும் கழற்ற வலப்பக்கமும் திருப்ப வேண்டும். தெரியாமல் எதிர்ப்பக்கம் திருகி தலையை உடைப்பது வாடிக்கை. உங்கள் பழைய மெஷின் கார்பன் பிரஷ் ரகமாகத்தான் இருக்கும். காற்றுத் துளை வழியே பெரிய தீப்பொறி தெரிந்தால் பிரஷ் தேய்ந்துவிட்டது. புது பேட்டரி போட்டும் இழுக்கவில்லை என்றால் முதலில் அதைப் பாருங்கள்.

உப்பிய, அடிபட்டு நசுங்கிய, சும்மா இருக்கும்போதே சூடாகும் பேட்டரியைச் சார்ஜரில் மாட்டாதீர்கள். வீட்டுக்கு வெளியே, பிளைவுட் துண்டுகள் இல்லாத இடத்தில் வையுங்கள். செத்த பேட்டரியைக் குப்பையில் போடாமல், டெர்மினலில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, பெரிய பிராண்டின் டீலரிடமோ பதிவு பெற்ற மின்கழிவுச் சேகரிப்பாளரிடமோ கொடுங்கள். 2022ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. டீலர் முகம் சுளித்தால் அதைச் சொல்லுங்கள்.