குப்புறப் படுங்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்கு 43 வயது, பள்ளி ஆசிரியை. ஏழு வாரமாக இடது புட்டத்திலிருந்து கால்வரை கரண்ட் அடித்ததுபோல வலி. ஸ்கேனில் எல்5-எஸ்1 ஜவ்வு, அதாவது இடுப்புக்கிட்டே முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை, பிதுங்கியிருக்கிறது. ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம் என்றார் டாக்டர். யோகா வகுப்பில் சேர்ந்தேன். காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியும் பச்சிமோத்தானாசனம் செய்தால் வலி குதிகால்வரை இறங்குகிறது. வலியைத் தாண்டினால்தான் நரம்பு இளகும் என்கிறார் மாஸ்டர். குப்புறப் படுத்தால் மட்டும் இதமாக இருக்கிறது. பொம்பளை அப்படிப் படுக்கக் கூடாது என்று மாமியார் தடுக்கிறார். எந்த ஆசனங்கள் செய்யலாம்? பெல்ட் போடலாமா? எந்த எண்ணெய் நல்லது? ஆபரேஷன் இல்லாமல் தப்பிக்க முடியுமா?

க.

அன்புள்ள க,

உங்கள் மாமியார் சொன்னதைப் படித்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். கடையம் பக்கம் என் அத்தை பீடி சுற்றினாள். தரையில் உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்து, முதுகு வளைய விளக்கு வைக்கும் நேரம்வரை வேலை. இடுப்பிலிருந்து காலுக்கு இழுக்கும் இதே வலி அவளுக்கும் உண்டு. மதியத்தில் முறத்தை ஒதுக்கிவிட்டுத் திண்ணையில் குப்புறப் படுப்பாள். யாராவது வந்து அதட்டுவார்கள். "பொம்பளப்பிள்ள கவுந்தா படுக்கிறது?" எழுந்து மறுபடியும் முறத்தை எடுத்துக்கொள்வாள். அவள் உடம்புக்கு வைத்தியம் தெரிந்திருந்தது, வீடுதான் விடவில்லை. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

1956இல் நியூசிலாந்தின் வெலிங்டனில் ராபின் மெக்கன்சி என்ற பிசியோதெரபிஸ்ட்டிடம் கால்வலியோடு ஒருவர் வந்தார். தலைப்பக்கம் உயர்த்தியிருந்த மேஜையில் அவர் தற்செயலாகக் குப்புறப் படுத்துவிட்டார். திரும்பி வந்து பார்த்த மெக்கன்சி பதறிப்போனார். நோயாளியோ, காலில் வலியே இல்லை என்றார். மெக்கன்சியின் சிகிச்சைமுறை அங்கேதான் தொடங்கியது. குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்கும் நம் புஜங்காசனத்தின் நிலைதான் கிட்டத்தட்ட அது.

உங்கள் மாஸ்டர் விஷயத்துக்கு வருகிறேன். டாக்டர் உங்களை மல்லாக்கப் படுக்கவைத்து, முட்டியை மடக்காமல் காலைத் தூக்கிப் பார்த்திருப்பார். வலி பாய்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. பச்சிமோத்தானாசனத்தில் இரண்டு காலுக்கும் அதே சோதனைதான் நடக்கிறது, கூடவே முதுகும் வளைகிறது. முன்னால் குனியும்போது ஜவ்வின் முன்பக்கம் நசுங்கி, உள்ளிருக்கும் கூழ் பின்னால் தள்ளப்படுகிறது. காலுக்குப் போகும் நரம்பின் வேர் இருப்பதும் பின்னால்தான். நீட்டிய கால் அந்த நரம்பையே இழுக்கிறது. நோயைக் கண்டுபிடிக்கும் சோதனையை தினமும் மருந்தாகக் கொடுத்தால் எப்படி? வகுப்பில் ஒரு பிள்ளை கால் வலிக்கிறது டீச்சர் என்றால், ஓடு, சரியாகிவிடும் என்பீர்களா? உங்கள் காலுக்கு மட்டும் ஏன் அந்த நியாயம் இல்லை? குனிகிற ஆசனங்கள் எல்லாவற்றையும் நிறுத்துங்கள், நின்றபடி குனிந்து பாதத்தைத் தொடும் பாதஹஸ்தாசனம் உட்பட. பாதி குனிகிறேன், மெதுவாகக் குனிகிறேன் என்ற சமாதானமெல்லாம் வேண்டாம். சென்னையில் யோகா ஆசான் கிருஷ்ணமாச்சாரியார் ஆளைப் பார்த்துத்தான் ஆசனம் கொடுத்தார். நாம்தான் முப்பது பேரை வரிசையில் உட்காரவைத்து எல்லாரும் கால்விரலைத் தொடு என்கிறோம்.

பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் காட்டிவிட்டு மகராசனத்தில் தொடங்குங்கள். சும்மா குப்புறக் கிடந்தால் போதும். அது பழகியபின் முழங்கையை ஊன்றி நெஞ்சை மட்டும் தூக்குங்கள். வலி பாதத்தை விட்டுத் தொடைக்கும், தொடையிலிருந்து இடுப்புக்கும் ஏறினால் நல்லது. இடுப்பில் கொஞ்சம் கூடினாலும் பயப்பட வேண்டாம். கீழே இறங்கினால் அந்த நொடியே நிறுத்துங்கள். அப்புறம் நடங்கள். இதை உங்கள் மாமியாருக்கு அப்படியே சொல்லித்தராதீர்கள். வயதானவர்களுக்குத் தண்டுவடப் பாதை சுருங்கி இதேபோல கால்வலி வரும், அவர்களுக்குப் பின்னால் வளைவதுதான் ஆகாது.

எண்ணெய் எதுவும் ஜவ்வுவரை போகாது. இதமாக இருந்தால் தேய்த்துக்கொள்ளுங்கள். பெல்ட்டை டாக்டரிடம் கேளுங்கள்.

ஆபரேஷன் இல்லாமலே பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடுகிறது. பிதுங்கிய ஜவ்வு பலருக்குத் தானாகவே சுருங்குகிறது. ஆனால் வாரம் ஒருமுறை சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலால் நடந்து பாருங்கள், பிறகு நுனிக்காலால். இடது கால் மட்டும் தளர்ந்தால் டாக்டரைத் தள்ளிப்போடாமல் பாருங்கள். சிறுநீர் வராமல் நின்றாலோ, கட்டுப்பாடில்லாமல் போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, நடு ராத்திரியானாலும் யாரிடமும் அனுமதி கேட்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.