11ஆம் நாள் தொய்வு

கேள்வி: நானும் நண்பரும் இரண்டு ஆண்டுகளாக ஒரு சிறிய வீடியோ கேமை உருவாக்கி வருகிறோம். அதை முடிப்பதற்காகக் கிக்ஸ்டார்ட்டர் என்ற இணையத் தளத்தில் பொதுமக்களிடம் 30 நாள் நிதி திரட்டல் தொடங்கினோம். இலக்கை எட்ட ஏறத்தாழ 1,000 பேர் பங்களிக்க வேண்டும். முதல் மூன்று நாளில் 310 பேர் வந்தார்கள், துள்ளிக் குதித்தோம். இன்று 11ஆம் நாள். 380இல் நிற்கிறது. நேற்று ஆறு பேர், முந்தாநாள் நான்கு பேர். வேகத்தை மீட்க என்ன செய்வது? தேதியை நீட்டிக்கலாமா? கூடுதல் பரிசுகள் அறிவிக்கலாமா? 'ஐந்து லட்சம் ஆதரவாளர்களின் மின்னஞ்சல் பட்டியல் எங்களிடம் இருக்கிறது' என்று ஒரு நிறுவனம் எழுதியிருக்கிறது. முன்பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன் என்றால் காரணம் இருக்கிறது. மற்ற கேள்விகள் நாளைவரை காத்திருக்கும். இந்த மின்னஞ்சல் இன்றிரவே உங்கள் மனத்தை மாற்றிவிடும். உங்கள் பக்கத்தில் தொகை எவ்வளவு மெதுவாக ஏறுகிறது என்பது ஊருக்கே தெரிகிறது. புண்பட்ட மாட்டைக் காக்கை கண்டுகொள்வதுபோல இவர்களுக்கும் அது தெரியும். முதல் நாள் கொண்டாட்டத்தில் வரும் கடிதங்களைவிட 10ஆம் நாளுக்குப் பிறகு வருபவை ஆபத்தானவை. அப்போதுதான் நாம் எதையும் நம்பத் தயாராக இருப்போம்.

முதலில் பதற்றம் தணியட்டும். எந்த நிதி திரட்டலும் ஒரே சீராக ஏறுவதில்லை. தொடக்கத்தில் உங்களை ஏற்கெனவே அறிந்தவர்கள் வருகிறார்கள். கடைசியில் 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போட்டவர்கள் ஓடி வருகிறார்கள். நடுவில் வறட்சி. வரைபடமாகப் போட்டால் இரு ஓரமும் தூக்கி, நடுவில் தொய்ந்த தூளி போல இருக்கும். நீங்கள் இப்போது தூளியின் அடியில் இருக்கிறீர்கள். முதல் மூன்று நாள் வேகம் திரும்ப வராது. அது உங்கள் பழைய சேமிப்பு, செலவாகிவிட்டது. அடி தரையைத் தொட்டுவிடாமல் பிடித்துக்கொள்வதுதான் இனி உங்கள் வேலை.

இப்போது அந்தப் பட்டியலுக்கு வருகிறேன். நான் பிரித்துப் பார்த்த இத்தகைய பட்டியல்களில், எப்போதோ ஏதோ ஒரு பையோ கைக்கடிகாரமோ தயாரிக்கப் பணம் கொடுத்தவர்கள், பரிசுப் போட்டிக்கு முகவரி தந்தவர்கள், பல ஆண்டாகத் திறக்கப்படாத கணக்குகள் எல்லாம் ஒரே மூட்டையாகக் கிடந்தன. 'இதில் எங்கள் வகை விளையாட்டை விளையாடுபவர்கள் எத்தனை பேர்?' என்று கேட்டுப் பாருங்கள். எண்ணிக்கை வராது; தள்ளுபடி விலை வரும். ஐந்து லட்சம் என்ற எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். இன்று உலகெங்கும் பேசப்படும் ஹாலோ நைட் என்ற விளையாட்டு 2014 இறுதியில் கிக்ஸ்டார்ட்டரில் கேட்டது 35,000 ஆஸ்திரேலிய டாலர். கிடைத்தது 57,000க்குச் சற்று மேல். கொடுத்தவர்கள் 2,158 பேர். அந்த விளையாட்டுக்கே இலக்கைத் தாண்ட இவ்வளவு பேர்தான் தேவைப்பட்டார்கள். உங்களுக்கு வேண்டியவர்கள் இன்னும் 620 பேர், அவ்வளவே.

இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. எனக்கு நெருக்கமான ஒருவர் வேறொரு தளத்தில் நிதி திரட்டினார். தளத்தின் பெயர் வேண்டாம். 14ஆம் நாள் இரவு ஒரே ஆள் மிகப் பெரிய தொகை தருவதாகப் பதிவு செய்தார். மொத்தம் ஒரே தாவலில் ஒன்பது விழுக்காடு ஏறியது. நண்பர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்களை எல்லாம் எழுப்பிக் காட்டினார். அரை மணி நேரத்தில் அதே ஆளிடமிருந்து செய்தி: 'எங்கள் விளம்பரச் சேவையை எடுத்துக்கொண்டால் இதுபோல் இன்னும் பலரைக் கொண்டுவருகிறோம்.' நண்பர் மறுத்தார். விடிவதற்குள் அந்தத் தொகை விலகிப்போனது. ஏறியது இறங்கியதைப் பார்த்த உண்மையான ஆதரவாளர்கள் 'என்ன கோளாறு?' என்று கேட்க ஆரம்பித்தார்கள். தளத்துக்குப் புகார் எழுதினோம். வந்த பதிலில் நண்பர் பெயரைத் தவிர மற்றதெல்லாம் அச்சடித்த வாசகம். கெடு முடியும்வரை யார் கார்டிலிருந்தும் பணம் எடுக்கப்படாது, அதுவரை விலகிக்கொள்ளலாம் என்ற விதி ஆதரவாளர்களைக் காக்க வந்தது, நல்ல விதிதான். கிக்ஸ்டார்ட்டரில், விலகினால் மொத்தம் இலக்குக்குக் கீழே இறங்கும் என்ற நிலை இருந்தால் கடைசி 24 மணி நேரத்தில் மட்டும் விலக விடமாட்டார்கள். அதற்கு முன்னால் உள்ள 29 நாளும் திறந்த வீடுதான். யார் வேண்டுமானாலும் நுழைந்து கூத்தடித்துவிட்டுப் போகலாம். ஆகவே ஒரே ஆள் திடீரென்று பெருந்தொகை போட்டால், அதைக் கணக்கில் சேர்க்காமல் மீதியை மட்டும் எண்ணிக்கொள்ளுங்கள். எழுந்து ஆடாதீர்கள்.

'முன்பணமே வேண்டாம், வருவதில் பங்கு போதும்' என்பவர்களும் வருவார்கள். எதில் பங்கு என்று கேளுங்கள். பெரும்பாலும் மொத்தத் தொகையில் கேட்பார்கள். அதாவது உங்கள் சொந்த அத்தை போட்ட பணத்திலும் அவர்களுக்குக் கமிஷன். இதற்கு ஓர் எளிய சோதனை இருக்கிறது. கிக்ஸ்டார்ட்டரில் ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனி இணைப்பு உருவாக்கிக்கொள்ளலாம். எந்த இணைப்பின் வழியாக எத்தனை பேர் பணம் தந்தார்கள் என்று உங்கள் கணக்குப் பக்கத்திலேயே தெரியும். 'உங்களுக்கென்று ஓர் இணைப்பு தருகிறேன், அதன் வழியாக வந்ததில் மட்டும் பங்கு' என்று எழுதுங்கள். பாதிப் பேர் அத்துடன் காணாமல் போவார்கள். ஏற்கெனவே தளம் 5 விழுக்காடு எடுத்துக்கொள்கிறது. பணம் கைமாற்றும் கட்டணம் 3 விழுக்காடும், ஆளுக்குச் சில சென்ட்டும் தனி. இன்னொரு வாய்க்குச் சோறு போட உங்களிடம் மிச்சம் இல்லை.

'என் சேனலில் காட்டுகிறேன், ஐந்து ஸ்டீம் கீ அனுப்புங்கள்' என்று, ஸ்டீம் என்ற இணையக் கடையில் விளையாட்டை இலவசமாகத் திறக்கும் குறியீடுகளைக் கேட்பவர்களையும் இதே வரிசையில் நிறுத்துங்கள். சேனல் பக்கத்தில் போட்டிருக்கும் முகவரியும் கடிதம் வந்த முகவரியும் ஒன்றா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். விளம்பரம் வாங்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வேண்டாம்.

இனி கணக்கு. 19 நாளில் 620 பேர் என்றால் நாளுக்கு 33 பேர். பார்த்ததும் கை நடுங்கும். ஆனால் கடைசி இரண்டு நாளில் முதல் மூன்று நாள் கூட்டத்தில் பாதியாவது வரும் என்று வைத்துக்கொள்வோம், 155 பேர். மீதி 465 பேரை 17 நாளில் சேர்க்க வேண்டும், நாளுக்கு 27 பேர். இப்போது ஐந்து பேர்தான் வருகிறார்கள் என்பது உண்மை. ஆனாலும் 27 என்பது நீங்கள் தேடிப் போய்ச் சந்திக்கக்கூடிய எண்ணிக்கை.

அந்த 155 பேரும் தானாக வந்துவிட மாட்டார்கள். உங்கள் பக்கத்தைச் சேமித்து வைத்தவர்களுக்குக் கெடு முடிய 48 மணி நேரம் இருக்கும்போது கிக்ஸ்டார்ட்டரே நினைவூட்டல் மின்னஞ்சல் அனுப்புகிறது. இதைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. 'சம்பளம் வரட்டும், பார்க்கிறேன்' என்று யாராவது சொன்னால், 'சரி, சேமிக்கும் பொத்தானை மட்டும் இப்போதே அழுத்திவிடுங்கள்' என்று சொல்லுங்கள். பணம் கேட்பதைவிட இது எளிது. கேட்கக் கூச்சமும் இல்லை.

அப்டேட் எழுதுவதில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. அப்டேட் மின்னஞ்சல் ஏற்கெனவே பணம் கொடுத்தவர்களுக்குத்தான் போகிறது. அவர்களிடம் போய் 'இன்னும் 62 விழுக்காடு வேண்டும், உதவுங்கள்' என்று தினமும் புலம்பினால் என்ன பயன்? தந்தவனிடமே மறுபடி கை நீட்டுவதுபோல் ஆகிறது. சிலர் சலித்துப்போய் விலகவும் செய்வார்கள். வாரத்துக்கு இரண்டு போதும். ஒவ்வொன்றிலும் அவர் இன்னொருவருக்கு அனுப்பக்கூடிய பொருள் ஒன்று இருக்க வேண்டும்: புதிதாக வரைந்த ஒரு பூதம் நடக்கும் பத்து விநாடிப் படம், அல்லது இசைத் துண்டு, எல்லாவற்றையும்விட நல்லது டெமோ, அதாவது விளையாடிப் பார்க்கத் தரும் மாதிரிப் பகுதி.

டெமோ இருக்கிறதா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை, அதனால் இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். அண்டர்டேல் என்ற விளையாட்டு 2013இல் 5,000 டாலர் கேட்டு 51,000க்கு மேல் பெற்றது. டெமோவை நிதி திரட்டலுக்கு முன்பே வெளியிட்டிருந்தார்கள். அறிமுகமில்லாத ஒருவர் உங்கள் வாக்குறுதியை நம்ப வேண்டிய தேவை அங்கே குறைந்துவிடுகிறது, விளையாடியே பார்த்துவிடுகிறாரே. உங்களிடம் 15 நிமிடப் பகுதி ஒன்று உடையாமல் ஓடும் நிலையில் இருந்தால், இந்த வாரம் வேறெதையும் தொடாமல் அதை வெளியிடுங்கள். மெனு அழகாக இல்லை, எழுத்துரு சரியில்லை என்று தள்ளிப்போடாதீர்கள். முடிந்ததும் திரையில் நிதி திரட்டல் பக்கத்தின் இணைப்பு வர வேண்டும். இதை மறந்துவிட்டு டெமோ வெளியிட்டவர்களை எனக்குத் தெரியும்.

பிறகு கடிதங்கள். உங்கள் வகை விளையாட்டை விளையாடிக் காட்டும் சிறிய சேனல்களைத் தேர்ந்தெடுங்கள். நாளுக்கு ஐந்து பேருக்குப் போதும், ஆனால் ஒவ்வொருவரின் ஒரு காணொளியையாவது முழுதாகப் பார்த்திருக்க வேண்டும். 'நீங்கள் சென்ற வாரம் அந்தச் சுரங்கக் கட்டத்தில் மூன்று முறை விழுந்து சிரித்தீர்களே, அதே போன்ற ஒரு கட்டம் எங்கள் டெமோவின் நான்காம் நிமிடத்தில் வருகிறது' என்று ஒரு வரி. டெமோ இணைப்பு ஒரு வரி. கெடு தேதி ஒரு வரி. அவ்வளவுதான். உங்கள் இரண்டு ஆண்டு உழைப்பின் வரலாற்றை யாரும் படிக்க மாட்டார்கள்.

கூடுதல் இலக்குகளை, அதாவது இலக்கைத் தாண்டினால் இன்னும் என்னென்ன தருவோம் என்ற வாக்குறுதிகளை, இப்போது அறிவிக்காதீர்கள். நூறு விழுக்காட்டைத் தொடாதவர் நூற்றைம்பதுக்கு என்ன தருவேன் என்று சொன்னால் கேட்பவருக்குச் சிரிப்புத்தான் வரும். தாண்டிய பிறகும் எச்சரிக்கை வேண்டும். ஷவல் நைட் 2013இல் 75,000 டாலர் கேட்டு 3,11,502 டாலர் பெற்றது. விளையாட்டு 2014இலேயே வந்துவிட்டது, சிறப்பாகவும் இருந்தது. ஆனால் அந்த ஒரு மாதத்தில் கூடுதல் இலக்குகளாக வாக்களித்தவற்றில் கடைசிப் பகுதி வெளியானபோது 2019 டிசம்பர் ஆகிவிட்டது. அவர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். இரண்டு பேர் மட்டும் உள்ள நீங்கள் ஐந்தரை ஆண்டு தாங்குவீர்களா?

தேதியை நீட்டிக்க முடியாது. தொடங்கிய பிறகு இலக்கையும் குறைக்க முடியாது. மைத்துனர் கார்டில் நீங்களே பணம் போட்டு ஏற்றிக் காட்டலாமா என்று யோசித்திருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். சொந்தத் திட்டத்துக்குத் தானே பணம் போட விதி இடம் தரவில்லை. மாட்டிக்கொண்டால் கணக்கே போகும்.

நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது, அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தொடர்ந்து ஓடுவதுதான் எப்போதும் சரி என்பதில்லை. நடுவில் ரத்துச் செய்வதும் ஒரு வழி. தோல்வி என்று நினைத்து யாரும் அதைப் பேசுவதில்லை. டெமோ வெளியிட்டு, கடிதங்கள் எழுதி, எல்லாம் செய்தும் 22ஆம் நாள் 550 பேரைத் தாண்டவில்லை என்றால் உட்கார்ந்து யோசியுங்கள். ரத்துச் செய்தால் யாருக்கும் பண இழப்பு இல்லை. கெடுவரை ஓடி இலக்கை எட்டாமல் தோற்றாலும் உங்கள் கைக்கு ஒரு காசும் வரப்போவதில்லை. பிறகு எதற்கு ரத்து என்று கேட்கலாம். இன்னும் எட்டு நாள் நள்ளிரவு வரை எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பதற்குப் பதில் அந்த நேரம் விளையாட்டுக்குக் கிடைக்கும். 'நாங்களே நிறுத்துகிறோம், இன்ன மாதத்தில் திரும்பி வருகிறோம்' என்று முன்கூட்டிச் சொல்பவரை ஆதரவாளர்கள் மதிக்கிறார்கள். ரத்துக்குப் பிறகும் அவர்களுக்கு அப்டேட் அனுப்பலாம். ஆனால் பக்கத்தைத் திருத்த முடியாமல் போகும். அதனால் உங்கள் மின்னஞ்சல் பட்டியலின் இணைப்பையும் ஸ்டீம் விஷ்லிஸ்ட் (வாங்க விரும்புவோர் குறித்துவைக்கும் பட்டியல்) இணைப்பையும் ரத்துப் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே பக்கத்தின் தலையில் போட்டுவிடுங்கள்.

இதிலும் ஒரு நிபந்தனை. திரும்பி வரும்போது ஏதாவது மாறியிருக்க வேண்டும்: டெமோ புதிது, அல்லது இலக்கு சிறிது, அல்லது காத்திருக்கும் கூட்டம் பெரிது. 2013இல் ஷேடோ ஆஃப் தி எட்டர்னல்ஸ் என்ற விளையாட்டு ஒருமுறை ரத்துச் செய்து மறுபடி வந்தது. அப்போதும் இலக்கை எட்டவில்லை. இலக்கைக் குறைப்பதென்றால், குறைந்த பணத்தில் விளையாட்டை உண்மையிலேயே முடிக்க முடியுமா என்று முதலில் காகிதத்தில் எழுதிப் பாருங்கள். மூன்று உலகம் இரண்டு உலகமாகச் சுருங்கலாம். பாதிப் பணத்தில் மூன்று உலகம் வராது. இன்னொன்றையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். இப்போதுள்ள 380 பேரில் உங்கள் உறவினரும் உடன் படித்தவர்களும் போக எத்தனை பேர்? முந்நூறு பேர் முகம் தெரியாதவர்கள் என்றால் விளையாட்டில் ஏதோ இருக்கிறது, 22ஆம் நாள் 500இல் இருந்தாலும் தொடருங்கள். முந்நூறு பேர் தெரிந்தவர்கள் என்றால் 600 வந்தாலும் எனக்கு நம்பிக்கை இல்லை.

இன்றிரவு செய்ய வேண்டியது இரண்டு. டெமோவாக வெளியிடப்போகும் பகுதியை, வீடியோ கேம் என்றால் என்னவென்றே தெரியாத ஒருவர் கையில் கொடுத்து, வாய் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த இடத்தில் நிற்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த நிறுவனத்தின் மின்னஞ்சலை அழித்துவிடுங்கள். மரியாதைக்காக 'வேண்டாம்' என்றுகூட பதில் எழுத வேண்டாம். பதில் வரும் முகவரி என்று உங்கள் முகவரியையும் அடுத்த பட்டியலில் சேர்த்து விற்பார்கள்.