கீழாநெல்லியை நோட்டில் ஒட்டிய பெண்ணுக்கு மூன்றாவது நீட் எதற்கு?

போன வாரம் ஒட்டன்சத்திரம் பக்கமிருந்து ஒரு அம்மா மகளோடு வந்திருந்தார். நீட் இரண்டு தடவை எழுதியாயிற்று, சீட் இல்லை. தாய்மாமன் ஒரே பிடியாக நிற்கிறார்: மறுபடி கோச்சிங், இல்லாவிட்டால் ஒரு ஏக்கரை விற்று வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். "அவளுக்கு உயிரியல்னா உயிர் சார், டாக்டராகாம வேற என்ன பண்ணுவா?" என்று கேட்கும்போதே அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டேன். சொல்லாமல் விட்டது இது.

அம்மா, நீட்டில் 180 கேள்வி. அதில் 90 உயிரியல், அதாவது 720-க்கு 360. உங்கள் மகள் அதில் 300-ஐத் தாண்டிவிட்டாள். இயற்பியல்தான் இரண்டு வருடமாக நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஆனால் நான் மார்க்கைவிட அவள் பையில் இருந்த நோட்டைத்தான் அதிக நேரம் பார்த்தேன். வாய்க்கால் ஓரத்தில் பறித்த கீழாநெல்லியை ஒட்டி, பக்கத்திலேயே தண்டு சிவந்த இன்னொரு செடியையும் ஒட்டி வைத்திருக்கிறாள். 'இதன் காய் வழவழப்பு, சின்னக் காம்பு உண்டு. அதன் காய் சொரசொரப்பு, காம்பே இல்லாத மாதிரி' என்று பென்சிலில் குறிப்பு. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லையாம். முதலாவது பிலாந்தஸ் அமாரஸ், இரண்டாவது பிலாந்தஸ் யூரினேரியா. தாவரவியல் முதுகலை முடித்தவர்களே தடுமாறும் இடம்.

மஞ்சள்காமாலைக்கு நாம் அரைத்துக் குடிக்கும் இந்தச் செடியைப் பழைய புத்தகங்கள் பலவற்றில் பிலாந்தஸ் நிரூரி என்று போட்டிருப்பார்கள். உண்மையான நிரூரி அமெரிக்கச் செடி. மருந்துக் கடைக்கு வரும் மூட்டையில் கீழாநெல்லியின் ஒன்றுவிட்ட உறவுகளும் கலந்து வருவதுண்டு. எது எது என்று பிரித்துச் சொல்ல ஆள் வேண்டும். அந்த வேலைக்குப் பெயர் வகைப்பாட்டியல்.

'பேரினம், சிற்றினம், குடும்பம்னு மனப்பாடம் பண்றதுக்கெல்லாம் யார் சம்பளம் தருவா' என்று மாமா கேட்பார். பேரினம், சிற்றினம் என்று இரட்டைப் பெயர் வைப்பது ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-ல் போட்ட அஸ்திவாரம். மேலே கட்டுவது இப்போது மரபியல். கீழாநெல்லி வெகுகாலம் ஆமணக்குக் குடும்பத்தில்தான் இருந்தது. மரபணு வரிசையைப் படித்த பிறகு நெல்லி வகைகளைத் தனிக்குடும்பமாகப் பிரித்துவிட்டார்கள். இன்று களத்துக்குப் போகிறவர் பூவும் காயுமாகச் செடியை எடுத்து, செய்தித்தாளுக்கு நடுவே அழுத்திக் காயவைப்பார். கூடவே ஒரு இலையை, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லில் போட்டுக்கொள்வார். காய்ந்த செடி தடித்த தாளில் ஏறி, உலர்ந்த செடிகளைச் சேமித்து வைக்கும் ஹெர்பேரியத்துக்குப் போகும். இலையிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, ஆர்.பி.சி.எல்., மேட்-கே என்ற இரண்டு மரபணுப் பகுதிகளைப் படிப்பார்கள். செடியின் தோற்றமும் டி.என்.ஏ.வும் ஒரே பதிலைச் சொன்னால் நிம்மதி. சொல்லாதபோதுதான் ஆராய்ச்சி தொடங்கும்.

இதற்கு நீங்கள் தூரம் போக வேண்டாம். கோவை வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வகத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. சென்னையில் 1853-ல் தொடங்கிய மெட்ராஸ் ஹெர்பேரியம் அங்கேதான் உள்ளது. அதே கோவையில், கரும்பு இனப்பெருக்க நிலையத்தில், 1930-களில் கரும்பின் குரோமோசோம்களை எண்ணிக்கொண்டிருந்தார் தாவரவியலாளர் ஜானகி அம்மாள். பிரிட்டிஷ் விஞ்ஞானி டார்லிங்டனோடு சேர்ந்து 1945-ல் பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸை வெளியிட்டவர். பிற்பாடு இந்த மதிப்பாய்வகத்தைச் சீரமைக்க நேருவே அவரை அழைத்தார். மரபியல், வகைப்பாடு இரண்டையும் ஒரே கையில் வைத்திருந்தவர்.

சரி, பணம். வெளிநாட்டு எம்.பி.பி.எஸ். என்றால் குறைந்தது 54 மாதப் படிப்பு, அங்கே ஒரு வருடப் பயிற்சி, இங்கே வந்து தகுதித் தேர்வு, அப்புறம் இங்கேயும் ஒரு வருடப் பயிற்சி. தேர்வில் தேறாவிட்டால் ஏக்கரும் போயிற்று, பட்டமும் தொங்கும். விற்காதீர்கள். சித்தப்பா சொன்ன தனியார் பல்கலைக்கழக 'ஜெனிடிக் இன்ஜினியரிங்'கும் வேண்டாம். பெயர்தான் கம்பீரம், லட்சக்கணக்கில் கட்டணம்.

அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. தாவரவியலுக்கு வருடத்துக்குச் சில ஆயிரம் ஆகும். அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். பட்டம் வாங்கியதும் வேலை என்று சொன்னால் நான் பொய் சொல்கிறேன் என்று அர்த்தம். எம்.எஸ்சி. அவசியம். அதற்குப் பிறகு சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வை எழுதி, ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. மதிப்பாய்வகத்தில் தாவரவியலாளர் பணி யு.பி.எஸ்.சி. வழியாக வரும், இடங்கள் கொஞ்சம்தான். சித்த மருந்து நிறுவனங்களில் மூலிகைச் சரிபார்ப்பு வேலை இருக்கிறது. பி.எட். சேர்த்தால் ஆசிரியர் தேர்வும் எழுதலாம்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு விஷயம் கவனித்தீர்களா? அரை மணி நேரம் நாம் இருவரும் பேசினோம், அவளை யாரும் கேட்கவில்லை. கிளம்பும்போது நான் கேட்டேன். "டாக்டர் ஆகலேன்னா அம்மா அழுவாங்களேன்னுதான் எழுதறேன்" என்றாள். இதற்கு மேல் மாமாவிடம் என்ன பேச்சு?

ஒரு நாள் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு கோவை ஹெர்பேரியத்துக்கு அவளைக் கூட்டிப் போங்கள். நோட்டை எடுத்துக்கொள்ளட்டும். அதில் ஒரே ஒரு குறை: எந்தச் செடியை எங்கே, என்றைக்குப் பறித்தாள் என்று எழுதவே இல்லை. போவதற்குள் நினைவிருக்கும் வரை எழுதி வைக்கச் சொல்லுங்கள், அங்கே முதலில் அதைத்தான் கேட்பார்கள்.